ஆட்டை ஓட்டிய நாயும் ஆளை ஓட்டிய ஆடும்

சில வருஷங்களுக்கு முன்பு நம் சங்கத்து நண்பர்கள் நான்கு குடும்பமாகச் சேர்ந்து தில்லியிலிருந்து மணாலிக்குப் போயிருந்தோம். குலுவைத் தாண்டி ஒரு வளைவில் வேன் நின்றுவிட்டது. எதிரே சாலையை அடைத்துக்கொண்டு செம்மறியும் வெள்ளாடுமாக ஒரு பெரிய மந்தை. முன்னால் ஒரு கிழவர் சீழ்க்கை அடித்துக்கொண்டு நடந்து வர, பின்னால் இரண்டு பையன்கள் கம்போடு வந்தார்கள். மந்தையின் ஓரத்தில் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு சடை நாய். கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை. வேனில் இருந்த ஒரு பேரப்பிள்ளை, "தாத்தா, அந்த நாய்தான் ஆட்டையெல்லாம் ஓட்டுதா?" என்று கேட்டான். டி.வி.யில் கறுப்பு வெள்ளை நாய் ஒன்று ஆடுகளை வளைத்து வளைத்து ஓட்டுவதை அவன் பார்த்திருக்கிறான். "ஆமாம்டா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கவனித்தால், அந்த நாய் ஆட்டின் பக்கமே திரும்பவில்லை. அது எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

குழந்தையிடம் தப்பாகச் சொல்லிவிட்டோமே என்ற உறுத்தலில், வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்ததன் பலன்தான் இந்தக் கட்டுரை. நான் கல்லூரி வாசலை மிதிக்காதவன். கம்பளி நூலும் கோட்டுத் துணியும் வாங்கி விற்ற தொழிலில் 'செவியட்', 'ட்வீட்' என்ற பெயர்களை வருஷக்கணக்காக பில்லில் எழுதியவன், அவ்வளவுதான். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு நாயும், அந்த நாய்க்குப் பின்னால் ஊரைவிட்டுப் போன ஒரு ஜனமும், அந்த ஜனத்தின் கதைக்குள்ளே நம் நாகப்பட்டினமும் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். ஆட்டு மந்தையோடு இருக்கும் நாய் எல்லாம் ஒன்றல்ல. ஆட்டைக் காப்பது ஒரு வகை, ஆட்டை ஓட்டுவது இன்னொரு வகை. முன்னதைக் காவல் நாய் என்றும் பின்னதை மேய்ப்பு நாய் என்றும் இங்கே சொல்லப் போகிறேன். நாங்கள் மணாலிச் சாலையில் பார்த்தது காவல் நாய். இமாசலத்தில் கத்தி என்னும் மலை இடையர் வளர்ப்பது. (தமிழில் எழுதினால் அரிவாள், கத்தி நினைவுக்கு வரும். இந்தியில் ஆசனத்துக்குச் சொல்கிறார்களே, அந்த உச்சரிப்பு.) சிறுத்தையும் கரடியும் மந்தையை நெருங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் முதல் வேலை. சிறுத்தை முதலில் கவ்வுவது கழுத்தை. அதற்குத்தான் அந்த இரும்புப் பட்டை. இந்த இனத்தைத் தனி இனமாக 2025இல் நம் நாட்டில் பதிவு செய்திருக்கிறார்கள். நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அதற்கு முன்பே அந்தப் பட்டியலில் ஏறிவிட்டன.

இந்தக் கழுத்துப் பட்டை இமயமலைக்காரர் மட்டும் கண்டுபிடித்ததும் அல்ல. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்த வாரோ என்ற ரோமானியர், தமது வேளாண்மை நூலில் ஆணி அடித்த தோல் பட்டையை நாயின் கழுத்தில் கட்டச் சொல்கிறார். அவருக்கு ஒரு நூற்றாண்டு பிந்திய கொலுமெல்லா, ஆட்டு நாய் வெள்ளையாக இருக்க வேண்டும் என்கிறார். ஏனென்றால் விடியற்காலை மங்கலில் ஓநாய் என்று நினைத்து இடையன் தன் நாயையே அடித்துவிடக் கூடாது! எவ்வளவு அனுபவப்பட்ட பேச்சு பாருங்கள். இந்த நூல்களில் எல்லாம் நாய் என்றால் காவல்தான்.

நம் ஊர்ப் பக்கமும் அப்படித்தான். வந்தவாசிச் சுற்று வட்டாரத்தில் நெல் அறுவடை முடிந்ததும் வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள். ராத்திரி பட்டியில் ஆடுகள் அடைந்து கிடக்கும். எரு நிலத்துக்கு, கூலி கோனாருக்கு. பட்டிக்கு வெளியே இரண்டு நாய் சுருண்டு படுத்திருக்கும். திருடனோ நரியோ வந்தால் குரைக்கும். பகலில் ஆட்டை ஓட்டுவதில் அதற்குப் பங்கே கிடையாது. முன்னால் ஒருவர் குரல் கொடுத்துப் போவார், பின்னால் பையன் ஒருவன் கம்பும் துரட்டியுமாக வருவான். அந்தப் பையன் செய்யும் வேலையைத்தான் வேறொரு நாட்டில் நாய்க்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

அந்த நாடு பிரிட்டன். அங்கே ஏன் என்ற கேள்விக்கு 1570இல் ஜான் கேயஸ் என்ற வைத்தியர் இங்கிலாந்து நாய்களைப் பற்றி இலத்தீனில் எழுதிய சிறு நூலில் விடை கிடைக்கிறது. இங்கிலாந்தின் ஆட்டு நாய் பெரிதாகவும் மூர்க்கமாகவும் இருக்க வேண்டியதில்லை, ஏனெனில் இந்த நாட்டில் ஓநாயே இல்லை என்கிறார் அவர். இடையனின் குரலுக்கும் சீழ்க்கைக்கும் கட்டுப்பட்டு, அலைந்து போன ஆட்டை வேண்டிய இடத்துக்கு அது கொண்டுவந்து சேர்க்கும் என்பதையும் குறித்திருக்கிறார். மற்ற நாடுகளில் இடையன் முன்னே போக ஆடு பின்னே வருகிறது, இங்கேயோ ஆடு முன்னே போக இடையன் பின்னே போகிறான் என்றும் ஒரு வார்த்தை சேர்க்கிறார். இங்கிலாந்தில் ஓநாய் 15ஆம் நூற்றாண்டின் கடைசியோடு தீர்ந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் இன்னும் இருநூறு வருஷம் பிடித்தது. ஓநாய் தொலைந்த பிறகு காவல் நாய்க்கு வேலை போயிற்று. அந்த இடத்தில் சின்ன உடம்பும் வேகமான காலும் கூரிய காதும் உள்ள வேறொரு நாய் வந்து உட்கார்ந்துகொண்டது.

அது செய்யும் வேலையைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம், ஏனென்றால் அதிசயம் அங்கேதான் இருக்கிறது.

ஆட்டுக்கு இயல்பு, பயம் வந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பயத்துக்கு எதிர்ப்பக்கம் நகர்வது. ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு வெளியே நாய் நின்றால் ஆடு தலையைத் தூக்கிப் பார்க்கும். உள்ளே ஓர் அடி வைத்தால் நகரும். இன்னும் நெருங்கினால் சிதறி ஓடும். அந்த எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது. ஆட்டுக்கு ஆடு, இடத்துக்கு இடம் மாறும். நல்ல நாய்க்கு அது தெரியும். இடையன் ஒரு பக்கம் நின்றால், நாய் தானாகவே மந்தையைச் சுற்றிக்கொண்டு அவனுக்கு நேர் எதிர்ப் பக்கம் போய் நிற்கப் பார்க்கும். கடிகார முகத்தில் ஆள் ஆறு மணியில் இருந்தால் நாய் பன்னிரண்டு மணியில். நடுவில் இருக்கும் ஆடு அவனை நோக்கித்தானே வந்தாக வேண்டும்? இதை யாரும் கற்றுக் கொடுப்பதில்லை. ஒரு வயதுக்குள்ளேயே, ஆட்டை முதல் முதலில் பார்க்கும் குட்டி, சட்டென்று வாலைத் தாழ்த்தி, உடம்பைப் பதுக்கி, கண் கொட்டாமல் பார்த்துச் சுற்ற ஆரம்பிக்கும். அந்தப் பார்வைக்கே ஆங்கிலத்தில் 'கண்' என்றுதான் பெயர். கண் பலமான நாய், கண் பலமில்லாத நாய் என்று அந்த ஊர் இடையர்கள் பேசிக்கொள்வார்கள்.

மனிதன் கற்றுக் கொடுப்பது வேறு. முதல் பாடம் நில், படு. ஓடுகிற நாயை நடு ஓட்டத்தில் நிறுத்த முடியவில்லை என்றால் அப்புறம் ஒரு பாடமும் ஏறாது. பிறகு மந்தையை வலமாகச் சுற்று, இடமாகச் சுற்று, மெல்ல நட, திரும்பி இன்னொரு கூட்டத்தைப் போய்ப் பார். கிட்டத்தில் வாயால் சொல்வார்கள், தூரத்துக்கு விசில். ஒரே மேட்டில் இரண்டு நாய் வேலை செய்தால் ஒவ்வொன்றுக்கும் தனி விசில் மெட்டு. கடைசியாகத்தான் கஷ்டமான பாடம், ஆட்டை ஆளை விட்டு அப்பால் ஓட்டுவது. எதிர்ப்பக்கம் போய் நின்று கொண்டுவருவதுதானே அதன் சுபாவம்? அதற்கு மாறாக ஆளின் பக்கமே நின்று ஆட்டைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னால் நாய்க்கு மனசு வராது. பொறுமையுள்ள ஆளிடம்தான் அது இந்த வேலையைப் படியும். பழகிய நாய் அரை மைல் தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும்போதும் ஒரு விசிலுக்கு அப்படியே படுத்துவிடும்.

சமணன் என்ற முறையில் என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. விலங்கியல் அறிஞர்கள் சொல்கிறார்கள்: பார்ப்பது, பதுங்குவது, சுற்றி வளைப்பது, துரத்துவது, கவ்வுவது, கொல்லுவது என்று ஓநாயின் வேட்டை படிப்படியாகப் போகும். மேய்ப்பு நாய் செய்வது அதே வேட்டைதான், கடைசி இரண்டு படி இல்லாமல். தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்து அந்த இரண்டு படிகளைத் தேய்த்துவிட்டார்கள். போட்டிகளில் நாய் ஆட்டை அநாவசியமாகக் கவ்விவிட்டால் அத்தோடு வெளியே அனுப்பிவிடுவார்கள். இதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான். கொலை நீங்கிய வேட்டை! ஆனால் எங்கள் தர்மத்தில் பயமுறுத்துவதும் ஹிம்சைதான், மனத்தால் செய்வதும் கணக்கில் சேரும். ஆடு அந்த நாயைப் பார்த்து நகருவது அன்பினால் அல்லவே. அதோடு, கடித்துப் பழகிவிட்ட நாயைச் சுட்டுவிடுகிற வழக்கமும் அந்தப் பண்ணைகளில் உண்டு. ஆகவே இதை அஹிம்சைக்கு உதாரணமாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஜேம்ஸ் ஹாக் என்று ஒருவர். ஸ்காட்லாந்தின் தென் எல்லையில் எட்ரிக் என்ற ஊரில் 1770இல் பிறந்தார். பள்ளிக்கூடம் போனது மொத்தமாக ஆறு மாதம் போலத்தான். ஆடு மேய்த்துக்கொண்டே தானாகப் படித்துக் கவிஞரானவர், 'எட்ரிக் இடையர்' என்றே பெயர் வாங்கியவர். (இப்படிப்பட்டவர்கள் மேல் எனக்கு ஒரு தனிப் பாசம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.) அவரிடம் சிர்ரா என்று ஒரு நாய். கால்நடை ஓட்டிவந்த ஒருவனிடம் ஒரு கினி கொடுத்து வாங்கியது. வாங்கும்போது அதற்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை, ஆட்டைத் திருப்பத் தெரியாது. ஒரு ராத்திரி, அப்போதுதான் தாயிடமிருந்து பிரித்திருந்த எழுநூறு குட்டிகள் மிரண்டு மூன்று பிரிவாகச் சிதறி இருட்டில் மலையேறிவிட்டன. ஹாக்கும் உதவியாளும் விடிய விடியத் தேடி ஒரு குட்டியையும் காணவில்லை. எஜமானிடம் என்ன சொல்வது என்று கலங்கித் திரும்பும்போது, ஒரு பள்ளத்தாக்கின் அடியில் கொஞ்சம் ஆட்டுக்குட்டிகள், அதற்கு முன்னால் சிர்ரா. ஒரு பிரிவையாவது மடக்கியதே என்று கிட்டே போய்ப் பார்த்தால் எழுநூறும் இருக்கிறது, ஒன்றுகூடக் குறையவில்லை! மூன்று பிரிவையும் இருட்டில் எப்படி ஒன்று சேர்த்தது என்பது தனக்குக் கடைசிவரை புரியவில்லை என்று ஹாக் எழுதியிருக்கிறார்.

அதே ஹாக் இன்னொன்றும் எழுதினார். மலைப் பண்ணையில் ஆடு திரட்டுவதற்கு ஓர் இடையனும் ஒரு நாயும் போதும், நாய் இல்லாவிட்டால் இருபது இடையர் இருந்தாலும் அந்த அளவுக்கு ஆகாது என்பது அவர் கணக்கு. நாய் இல்லையென்றால் கிடைக்கிற கம்பளியும் இறைச்சியும் ஆள் கூலிக்கே போதாது, மலைநிலம் முழுக்கத் தண்டம் என்கிற அளவுக்குப் போகிறார். நாயைப் புகழ்ந்து எழுதியதுதான். ஆனால் வியாபாரி கண்ணோடு படித்தால் அடுத்த வரி தானாக மனசில் ஓடும். அந்தப் பத்தொன்பது பேர்?

இங்கேதான் 'செவியட்' வருகிறது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே உள்ள எல்லைக் குன்றுகளின் பெயர் அது. அங்கே வளர்ந்த வெள்ளை முகச் செம்மறிக்கும், அதன் கம்பளியில் நெய்த துணிக்கும் அதே பெயர். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கம்பளி விலை ஏறியது. வடக்கே மேட்டுநிலத்தில் கேலிக் மொழி பேசும் குடியானவர்கள், பள்ளத்தாக்குகளில் கூட்டுக் குத்தகையில் கொஞ்சம் ஓட்ஸ், பார்லி, மேலே மேய்ச்சல் காட்டில் கொஞ்சம் மாடு என்று தலைமுறைகளாக வாழ்ந்துவந்தார்கள். நிலப்பிரபு கணக்குப் போட்டார். நூறு குடும்பம் தரும் குத்தகையைவிட, தெற்கிலிருந்து வரும் ஒரே ஓர் ஆட்டுப் பண்ணைக்காரன் பல மடங்கு தருகிறேன் என்கிறான். அவன் எப்படித் தர முடிகிறது? ஐந்நூறு, அறுநூறு ஆட்டுக்கு ஓர் இடையன், அவனுக்கு இரண்டு நாய். வேறு ஆள் செலவே இல்லை. அந்த நாய் இல்லாமல் இந்தக் கணக்கு நிற்காது. கம்பளி விலை, நிலப்பிரபுவின் கடன், அரசாங்கத்தின் போக்கு என்று வரலாற்று நூல்களில் சொல்லும் காரணங்கள் எல்லாம் சரிதான். ஆனால் நூல் ஆலைக்கு நீராவி இயந்திரம் எப்படியோ, மலைப் பண்ணைக்கு இந்த நாய் அப்படி என்பது என் தாழ்மையான கருத்து. கூலி கேட்காத, வீடு கேட்காத இயந்திரம். 'மேட்டுநில வெளியேற்றம்' என்று சரித்திரத்தில் பேர் வாங்கிய அந்தத் துயரத்தில் நாயின் பங்கைப் பற்றி அதிகம் பேசக் காணோம்.

நம் நாகப்பட்டினம் வருவது இந்த இடத்தில்.

வடக்கு ஸ்காட்லாந்தில் ராஸ் என்ற பகுதியில் ஆல்னஸ் என்று ஒரு ஊர். அதன் தலைக்கு மேல் ஃபைரிஷ் என்ற குன்று, ஏறக்குறைய 450 மீட்டர் உயரம். உச்சியில் கல்லால் கட்டிய ஒரு வளைவு வாசல் தனியாக நிற்கிறது. அது நாகப்பட்டினம் கோட்டை வாசலின் சாயலில் கட்டியது! கட்டியவர் அந்த ஊர் நிலப்பிரபு, நோவர் சர் ஹெக்டர் மன்றோ. சென்னையில் குதிரைமேல் சிலையாக இருக்கிறாரே, அந்தத் தாமஸ் மன்றோ அல்ல. இவர் அவருக்கு மூத்தவர். 1764இல் பக்ஸார் போரில் ஜெயித்தவர். 1780இல் எங்கள் ஜினகாஞ்சிக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் நாசம் செய்தபோது, சில மைல் தூரத்தில் காஞ்சிபுரத்தில் படையோடு இருந்தும் போய்ச் சேராமல், பீரங்கிகளைக் கோவில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவரும் இவரேதான். அந்த அவப்பெயரைக் கழுவிக்கொண்டது அடுத்த வருஷம், 1781 நவம்பரில், டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தபோது. அந்த வெற்றிக்குத்தான் அந்த வாசல். ஊரில் பஞ்சம், ஜனங்களுக்கு வேலை கொடுக்கவே கட்டினார் என்று சொல்கிறார்கள். மேலே ஏற்றிய கல்லை ராத்திரி உருட்டிவிட்டு மறுநாள் மறுபடி ஏற்றச் சொல்லி இரட்டைக் கூலி கொடுத்தார் என்று ஒரு கதையும் உண்டு. இருக்கலாம்.

பத்து வருஷம் கழித்து அதே மன்றோவின் நிலத்தில், கில்டர்மோரி என்ற இடத்தில், கேமரோன் சகோதரர்கள் இருவர் ஆட்டுப் பண்ணைக் குத்தகைக்கு வந்தார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கு ஸ்ட்ராத்ரஸ்டேல். அந்த ஜனங்களின் மாடுகள் பழைய வழக்கப்படி மேய்ச்சலுக்கு ஏற, பண்ணைக்காரர்கள் அவற்றைப் பிடித்துப் பட்டியில் அடைத்துப் பணம் கேட்டார்கள். ஜனங்கள் திரண்டு போய் மாடுகளை மீட்டு வந்தார்கள். அத்தோடு நிற்கவில்லை. 1792 ஜூலை கடைசியில் ஒரு கல்யாண வீட்டில் கூடிப் பேசி ஒரு தீர்மானம் செய்தார்கள். ராஸ் பகுதியில் இருக்கிற ஆடு அத்தனையையும் திரட்டித் தெற்கே ஆற்றுக்கு அப்பால் ஓட்டிவிடுவது! ஞாயிற்றுக்கிழமை மாதாகோவில் வாசல்களில் செய்தி சொல்லி, நூற்றுக்கணக்கானவர்கள் கிளம்பிப் பண்ணை பண்ணையாக ஏறி ஆடுகளைச் சேர்த்தார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் ஆறாயிரத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது.

எனக்கு இந்தக் காட்சி மனசை விட்டுப் போகவே இல்லை. ஆறாயிரம் ஆடு என்பது நாய் வைத்திருக்கும் பண்ணைக்காரனுக்குப் பத்துப் பன்னிரண்டு இடையர் பார்க்கிற வேலை. அதைச் செய்ய ஒரு சீமையே நாள்கணக்கில் மலையேறி இறங்க வேண்டியிருந்தது. தங்களை ஊரைவிட்டு அனுப்பப் போவது எந்த வேலையோ அதே வேலையைத் தாங்களே காலால் நடந்து செய்து பார்த்திருக்கிறார்கள்.

படை வந்தது. 42ஆம் படைப்பிரிவு, 'பிளாக் வாட்ச்' என்று பெயர் பெற்றது. அப்போது அதன் கர்னல் பதவியில் இருந்தவர் வேறு யாருமில்லை, ஹெக்டர் மன்றோதான். சிப்பாய்கள் ராத்திரியில் நடந்து வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஜனங்கள் கலைந்துவிட்டார்கள். ஆடுகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. சிலரைப் பிடித்து இன்வர்னஸில் விசாரித்தார்கள். இரண்டு பேருக்கு ஏழு வருஷம் நாடு கடத்தல் தண்டனை. ஆனால் அவர்கள் சிறையிலிருந்து தப்பிப் போய்விட்டார்கள், பிறகு அகப்படவே இல்லை. கேலிக் மொழியில் 1792க்கு 'ஆடுகளின் வருஷம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. (அதே 1792 டிசம்பரில் மன்றோவின் மகனை வங்காளத்துச் சாகர் தீவில் புலி அடித்துக் கொன்றது. திப்புவின் புலிப் பொம்மையை இதோடு சேர்த்துச் சொல்வார்கள். அது வேறு கட்டுரைக்கு.)

அதற்குப் பிறகு தடுக்க ஆளில்லை. சதர்லாந்து எஸ்டேட்டில் 1807 முதல் 1821 வரை பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் காலி செய்தார்கள். குடியானவர்களைக் கடற்கரையில் கொஞ்சம் நிலத்தைக் கொடுத்து மீன் பிடிக்கச் சொன்னார்கள். மலையில் வளர்ந்தவனுக்குப் படகு தெரியுமா? ஸ்ட்ராத்நேவரில் 1814இல் வீடுகளின் கூரைக் கட்டைகளைக் கொளுத்தியதற்காகப் பேட்ரிக் செல்லர் என்ற எஸ்டேட் அதிகாரிமேல் வழக்கு நடந்தது. 1816இல் விடுதலை ஆகிவிட்டார். அவரே பின்னால் அந்த நிலத்தில் பெரிய ஆட்டுப் பண்ணைக்காரர். கில்டோனன் ஜனங்கள் 1813இல் கப்பலேறிக் கனடாவுக்குப் போனார்கள். இன்றைய வின்னிபெக் நகரத்தின் ஆரம்பக் குடிகள் அவர்கள். நாம் வேலை தேடி ரயிலேறித் தில்லிக்கு வந்தவர்கள், நாம் விட்டுவந்த ஊர் அங்கேயே இருக்கிறது. அவர்களுக்குத் திரும்பிப் பார்க்க வீட்டின் அடிக்கல்தான் மிச்சம்.

நாயின் புகழ் அதற்கு அப்புறம்தான் ஓங்கியது. 1873 அக்டோபரில் வேல்ஸ் நாட்டுப் பாலா என்ற ஊரில் ரிச்சர்ட் லாய்ட் பிரைஸ் என்ற நிலப்பிரபு ஒரு மேய்ப்பு நாய்ப் போட்டி வைத்தார். பிரிட்டனில் ஒழுங்காக நடந்த முதல் போட்டி என்று அதைச் சொல்வார்கள். வேல்ஸ்காரர் ஊரில் ஜெயித்தது, அங்கே குடியேறி இருந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அவர் நாயின் பெயர் ட்வீட்! 1893இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவர் வீட்டில் ஹெம்ப் என்ற நாய் பிறந்தது. அப்பன் ராய் சாது, கண் பலமில்லாதது. தாய் மெக் கண் பலமானது, ஆனால் கூச்ச சுபாவம். இரண்டின் நல்லதும் ஒன்றில் சேர்ந்தது. அதற்கு முந்தைய நாய்கள் குரைத்தும் விரட்டியும் செய்த வேலையை ஹெம்ப் சத்தமில்லாமல் பார்வையாலேயே செய்தது. 1901இல் சாவதற்குள் இருநூறுக்கு மேல் குட்டிகளுக்குத் தகப்பன். இன்று உலகத்தில் இருக்கும் பார்டர் காலி நாய்கள் அநேகமாக எல்லாம் அதன் வம்சம். 1906இல் இடையர்களும் பண்ணைக்காரர்களும் சேர்ந்து சர்வதேச மேய்ப்பு நாய்ச் சங்கம் அமைத்தார்கள். நாய்க் கண்காட்சிக்காரர்கள் மூக்கின் நீளமும் ரோமத்தின் பளபளப்பும் பார்த்துக்கொண்டிருக்க, இவர்கள் வேலையை மட்டும் பார்த்தார்கள். குட்டி எந்த நிறம் என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. வியாபாரத்திலும் நான் மதிப்பது இந்தப் பார்வையைத்தான்.

கப்பலேறிய ஜனங்களோடு நாயும் போனது. நியூசிலாந்தில் 1855 மார்ச்சில் ஜேம்ஸ் மெக்கென்சி என்ற மேட்டுநிலத்துக்காரர் ஆயிரம் திருட்டு ஆடுகளோடு பிடிபட்டார். அத்தனை ஆட்டையும் மனித நடமாட்டமில்லாத மலைவழியாக ஓட்டிக்கொண்டு வந்தது அவரும் ஒரு நாயும்தான் என்பது அங்கே சொல்லும் கதை. நாயின் பெயர் ஃப்ரைடே. அவருக்கு ஐந்து வருஷக் கடுங்காவல் விதித்தார்கள். விசாரணை சரியாக நடக்கவில்லை என்று மறு வருஷம் ஜனவரியிலேயே மன்னித்து விட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் அதுவரை அறியாத அந்தப் பீடபூமிக்கே இன்று மெக்கென்சி நாடு என்று பெயர். அங்கே டெக்காப்போ ஏரிக்கரையில் மேய்ப்பு நாய்க்கு 1968இல் வெண்கலச் சிலை வைத்தார்கள். அதில் பொறித்திருப்பதன் சாரம், இந்த நாய்கள் இல்லாவிட்டால் மலைநிலத்தில் ஆடு மேய்ப்பதே முடியாது என்பது. ஹாக் சொன்னதேதான். மெக்கென்சி பேசியதும் கேலிக் மொழி. அந்த மொழி பேசியவர்களைக் கடல் தாண்டி அனுப்பிய வேலையும் அவரைப் பிழைக்க வைத்த வேலையும் ஒன்றாகப் போனதை நினைத்தால் விதி என்பதா, கர்மம் என்பதா?

இப்போது மலைப் பண்ணைகளில் நான்கு சக்கர மோட்டார் பைக் வந்துவிட்டது. ஆனாலும் பைக் ஏறாத பாறைச் சரிவுகள் இருக்கின்றன, அங்கே நாய்தான். எல்லா ஊரிலும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. நம் இமாசலத்து இடையருக்குச் சிறுத்தை இன்னும் இருக்கிறது. காவல் நாயை விட்டுவிட்டு மேய்ப்பு நாய் வைத்துக்கொள் என்று யாராவது யோசனை சொன்னால் அவர் சிரிப்பார்.

நாகப்பட்டினத்துக்காரரான என் நண்பர் ஒருவரின் மகன் அபர்டீனில் எண்ணெய்க் கம்பெனியில் வேலையாக இருக்கிறான். நான் சொல்லிச் சொல்லித் தாங்காமல், ஒரு விடுமுறையில் குடும்பத்தோடு ஃபைரிஷ் குன்றில் ஏறிப் படம் எடுத்து அனுப்பினான். நடு வளைவுக்குள் அவன் பெண்டாட்டி பிள்ளைகள், பின்னால் கடல் கழி. போன் செய்து, "ஆடு தெரிஞ்சுதா தம்பி?" என்று கேட்டேன். "இல்லீங்க ஐயா, வழி பூரா பைன் மரம்தான் நட்டு வச்சிருக்காங்க. ஆடும் இல்ல, வீடும் இல்ல. யாரோ ஒருத்தர் வாக்கிங் கூட்டிட்டு வந்த கறுப்பு வெள்ளை நாய் ஒண்ணு இருந்துச்சு. எங்க பசங்க ஆளுக்கொரு பக்கம் ஓடுனாங்களா, அது சுத்திச் சுத்தி வந்து ரெண்டு பேரையும் என்கிட்ட கொண்டாந்து விட்டுட்டுது" என்றான்.